ஒரே எடத்துல ஒரே தப்பு

உக்காருங்க தம்பி, அந்த ஃபேன் அப்படித்தான் சத்தம் போடும். என்ன சொன்னீங்க, மரமா? ஆயிரம் வருஷத்து ஹீப்ரு ஏட்டுக்கெல்லாம் கம்ப்யூட்டர் வம்சாவளி போட்டுக் குடுக்குதா? எது அப்பன், எது புள்ளன்னு? கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க.

எனக்கு வெளக்க வேணாம், முப்பத்தி நாலு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் நான். ஒருத்தன் பண்ண தப்ப அவனப் பாத்து எழுதுனவனும் பண்ணுவான். ஒரே எடத்துல ஒரே தப்பு இருந்தா ரெண்டு ஏடும் ஒறவு. அவ்வளவுதானே? நாத்தங்கால்ல கலப்பு வெதை விழுந்தா நடவு வயல்லயும் கலப்புதான் நிக்கும். எந்த நாத்துன்னு எங்க ஊர் வீரையன் வரப்புல நின்னே சொல்லிடுவான். அவன் காலுல செருப்பு கூடக் கெடையாது.

இந்த ஆபீஸ்ல நாங்க பாக்குறது அதவிட அசட்டு வேலை. ஹீப்ரு எனக்கும் தெரியாது, அந்தப் பொண்ணு செந்தாமரைக்கும் தெரியாது. ஏட்டப் படம் புடிச்சு, அதே படத்த ஆளுக்கொரு தாளா குடுத்துடுறீங்க. எழுத்தோட உருவத்தப் பாத்து கம்ப்யூட்டர்ல அவ தனியா டைப் அடிக்கணும், நான் தனியா அடிக்கணும். அப்பதான் ஒருத்தர் தப்பு இன்னொருத்தரால தெரியும். அதானே ஏற்பாடு? உங்க மெஷின ஏட்டுக்கு ஒறவு பாக்கச் சொன்னா எங்க ரெண்டு பேருக்கும் பாத்துடுச்சு. நாப்பத்தோரு எடத்துல ஒரே தப்பாம். நல்ல கூத்து.

அவ என்ன சொன்னா? என்னோடதப் பாத்து அடிக்கலன்னாளா? வேற என்ன சொல்லுவா. நீடாமங்கலத்துலேருந்து பாசஞ்சர்ல வந்து, டீயத் தாள் மேலயே வச்சுக்கிட்டு வேலை பாக்குற பொண்ணு. அவ அப்பன் எங்க வயல்ல நாத்து பறிச்ச ஆளு. யாரு யாரப் பாத்திருப்பாங்கன்னு கேக்கவா வேணும்? மேனேஜர் கேக்கவே இல்ல, பத்து நாளா அவள வீட்டுல உக்கார வச்சுட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல தம்பி. சும்மாதான் இருந்தேன்.

மெஷினுக்கும் அது தெரியாதுல்ல? ஒறவுன்னு சொல்லும், யாரு யாரப் பாத்தாங்கன்னு சொல்லாதே. சொல்லுமா? எத வச்சு?

பதினேழாம் தாளா? ஏட்டுல இல்லாத ஒரு எழுத்தா? காட்டுங்க. ஆமா, இது அவ தாள். இந்தப் பழுப்புப் புள்ளி டீ சொட்டு தம்பி! கமா மாதிரி ஒரு குட்டி எழுத்து உண்டு, அதுன்னு நெனச்சு அடிச்சு வச்சிருக்கா. அசடு. என் தாளப் பாருங்க, ஒரு பொட்டு அழுக்கு உண்டா? தாள் பக்கத்துல நான் டம்ளரே வைக்க மாட்டேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? என் ஃபைல்லயும் அந்த எழுத்து இருக்கா?

அந்த ஃபேன நிறுத்துங்க.

கண்ணுல புரை தம்பி. ஆறு மாசமா. மூலையில ஒரு நுனி இருந்தா ஒரு எழுத்து, வளைஞ்சிருந்தா வேற எழுத்து. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். சாயங்காலம் அவ ரயிலுக்கு ஓடுனதும், அவ ஃபைலத் தொறந்து, பெருசாக்கி வச்சுப் பாத்து அடிச்சேன். இந்த வேலையும் போச்சுன்னா வீட்டுல என்னை யாரு மதிப்பா?

நாளைக்கே அவள வரச் சொல்லிடுங்க. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு அவகிட்ட சொல்லாதீங்க, வெக்கமா இருக்கு. மெஷினே கண்டுபுடிச்சுதுன்னு சொல்லுங்க.