வலப்பக்கம் ஒதுங்கும் நத்தை

வாஷிங் மெஷின் ஓடுவதால் கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நாம் எல்லோரும் எழுதித் திருத்தும் சங்கத்தின் விக்கி ஓடும் கம்ப்யூட்டரும் இதே அறையில்தான் இருக்கிறது. அதனால்தான் விசாரணையை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்தத் துணிக்கூடையை நகர்த்தினால் நீங்கள் மூன்று பேரும் தாராளமாக உட்காரலாம்.

நம் நத்தை ஆய்வாளர் சங்கத்தில் நாற்பத்து மூன்று பேர். செயலாளர் நான். இரண்டு மதில் நத்தைகள் எதிரெதிரே வந்தால் இரண்டுமே வலப்பக்கம்தான் ஒதுங்கும் என்பது என் கண்டுபிடிப்பு. அதை விக்கியில் எழுதினேன். என் மச்சினன், அதான் நம் பல் டாக்டர், பக்கத்திலேயே 'ஆதாரம் இல்லை' என்று சேர்த்தான். நான் எடுத்தேன். அவன் மறுபடி சேர்த்தான். இப்படியே ஏழு வருடம். வீட்டு விசேஷத்தில் எனக்குப் பரிமாறும்போதுகூட, "அத்தான், ஆதாரம்?" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் பழைய தளத்தை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. விக்கியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதா, நாமே நடத்துவதா என்று கூட்டம் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நிறுவனத்து ஆள் தங்கமான மனிதர். "பராமரிப்பெல்லாம் எங்க பொறுப்பு சார். யாரு எப்ப எதத் திருத்தினாங்கங்கிற ஹிஸ்டரிய யாராலயும் மாத்த முடியாது. நாங்களே நெனச்சாலும் முடியாது" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் மட்டும் தலையாட்டவில்லை.

"நம்ம அறிவு நம்ம கையில இருக்கணும்!" என்று எழுந்து பேசினேன். மச்சினன்தான் முதலில் கைதட்டினான். விக்கி இந்த அறைக்கு வந்து சேர்ந்தது, ஹிஸ்டரியும் என் கைக்கு வந்தது.

முதலில் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன். அவனுடைய 'ஆதாரம் இல்லை', ஏழு வருடத்துக்கு முந்தைய அதே தேதியில், 'அத்தான் சொல்வதே சரி' என்று ஆனது. அந்த வரி தன்னந்தனியாக நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் மற்ற நாற்பத்தோரு பேரையும் அவரவர் பெயரிலேயே சம்மதிக்க வைத்தேன்.

மச்சினன் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனான். "நான் இத எழுதின ஞாபகமே இல்ல அத்தான். ஆனா என் பேருல இருக்கே. எனக்கு மூளையில ஏதாவது கோளாறா?" என்று அழுதான். எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று வந்தவர்களிடமே நாலு தடவை கேட்க ஆரம்பித்தான். கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டான். நான் தினமும் போய் ஆறுதல் சொன்னேன். வேறு எந்த அத்தான் இவ்வளவு செய்வார்?

நான் மாட்டிக்கொண்டது நம் பழைய தலைவரால். மார்ச்சில் காலமானவர் மே மாதம் என்னைப் பாராட்டிவிட்டார். தேதியில் என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அவர் மனைவி போன் செய்தார். "அவரு போயி ரெண்டு மாசம் கழிச்சு உங்களுக்கு மட்டும் பதில் போட்டிருக்காரே. எனக்கு ஒரு வரி எழுதலையே." மனசு கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கும் கணவர் பெயரில் ஒரு வரி எழுதிவைத்தேன். அதைத்தான் உங்களிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்.

நத்தையை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்கிறீர்கள். போன வாரம் பார்த்தேன். இடப்பக்கம் ஒதுங்கியது. அந்த நத்தைக்கு விவரம் போதாது.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். உண்மையைச் சொன்னால் மச்சினன் கிளினிக்கைத் திறந்துவிடுவான் என்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இப்போதெல்லாம் விக்கியில் பார்த்தால்தான் அவன் எதையும் நம்புகிறான். இந்த விசாரணையின் அறிக்கை நேற்றைய தேதியில் அங்கே இருக்கிறது. நீங்கள் மூவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்ட இடத்தில், எனக்கே கண் கலங்கிவிட்டது.