கல்லல் சுவரில் மூன்று குறிகள்

என் பெயர் சின்னராஜ், த/பெ அருள்பிரகாசம், வயது 29. அமராவதிபுதூரில் குடியிருந்து கணக்கு வாத்தியார் வேலை பார்த்து வருகிறேன்.

இன்று 9.3.1976 காலை கல்லல் ரயில் நிலையத்துப் பின்சுவரில் வட்டம், முக்கோணம், பெருக்கல் குறி மூன்றையும் சாக்பீஸால் எழுதியபோது, மப்டியில் இருந்த காவலர் மருது என் கையைப் பிடித்தார். அதன்பின் என்னை இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்ததும், தண்டவாளத்துக்குக் குண்டு வைக்கிற கூட்டத்தில் நான் யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எமர்ஜென்சி நேரம், ஜாமீன் கிடையாது என்றும் சொன்னார்.

அக்குறிகள் நான் காதலிக்கும் பெண்ணுக்கு எழுதியவை. அவர் வேறு மதம். சாயங்கால ரயிலில் இறங்கி அதைப் பார்ப்பார். ஒரு குறிக்கு ஓர் எழுத்து. 'நாளை வா' என்று பொருள். நாளை மதுரைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசியிருந்தோம். பெயரைச் சொன்னால் அவர் வீட்டில் உயிரோடு விடமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை.

அதன்பின் இன்ஸ்பெக்டர், "குண்டுங்கிறதும் மூணு எழுத்துத்தானே வாத்தியாரே? அதுவும் வரலாமா, வராதா?" என்றார். நான், "வரலாம்யா. தம்பின்னும் வரும், சோளம்னும் வரும்" என்றேன். இம்முறையில் எழுத்துக்குப் பதில் வேறு குறி வரும். பக்கம் பக்கமாக எழுதினால் எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். மூன்றே குறியில் எண்ண என்ன இருக்கிறது? எழுத்தை மாற்றாமல் வரிசையை மட்டும் கலைக்கும் முறையும் உண்டு. அப்படி 'ளைவாநா' என்று எழுதியிருந்தால், எப்படிப் புரட்டினாலும் அதில் குண்டு வராது. நான் தப்பியிருப்பேன். ஒரே எழுத்துக்கு ஒவ்வொரு தடவையும் வேறு குறி போடும் முறையும் உண்டு. ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடும் பெண்ணால் அதைப் படிக்க முடியாது என்று விட்டுவிட்டேன். இதையெல்லாம் சொல்லியும், எழுத்தர் சோணை 'வரலாம்' என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் சுவரிலுள்ள குறிகளை அழித்துவிடும்படி கெஞ்சினேன். "சாட்சியத்தை அழிக்கச் சொல்றீகளா? நின்னு பாக்குற ஆளைப் பிடிக்க அங்குட்டு ரெண்டு பேரைப் போட்டிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். ரயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்தப் பெண் நின்றுதான் பார்ப்பார்.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னவை அத்தனையும் உண்மை. 'வரலாம்' என்று சொன்னதும் உண்மை.

(ஒப்பம்) அ. சின்னராஜ்