கோழிக் கூண்டில் சனி

கோலசிலாங்கூர் கண் கிளினிக்கில், எனக்குப் பின் வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கம்ப்யூட்டர்ல சனி கிரகத்த அமுக்குனா, டெலஸ்கோப்பு நம்ம கோழிக் கூண்டப் பாக்குது லா.”

“சனி பார்வை படக்கூடாதுன்னு ஊரே கும்பிடுது. நீங்க டெலஸ்கோப்பு வச்சித் தேடுறீங்க.”

“நீதானே வளையத்தப் பாக்கணும்னு கேட்ட?”

“கண்ணு போறதுக்குள்ளன்னு கேட்டேன். டெலஸ்கோப்புல தேதிய எப்படிப் போட்டீங்க?”

“ஆறு, எட்டு. ஆகஸ்ட் ஆறு.”

“அமெரிக்கச் சாமான்ங்க, மாசத்தத்தான் முதல்ல கேக்கும். ஜூன் எட்டுன்னு நெனச்சிருக்கும்.”

“அடச்சே! இன்னிக்கே மாத்திடுறேன். வளையம் பளிச்சுன்னு தெரியும், பாரேன்.”



“நீங்க பாத்துச் சொல்லுங்க. நேத்து கம்ப்யூட்டர்ல வளையத்துப் படத்தப் பெருசாக் காட்டுனீங்களே, அதுவே எனக்குத் தெரியல. தெரியுதுன்னு சும்மா சொன்னேன்.”