பர்மாக்காரம்மாவுக்கு ஒரு கேஸ்

நாகப்பன்: ...வக்கீல் ஐயா எப்ப வருவாருன்னு கேட்டுகினே கீறேன், நீ பாட்டுக்கு பேப்பரைப் பொரட்டுற.

செங்கமலம்: ஐயா யாரும் இல்லைங்க. வக்கீல் நான்தான். உக்காருங்க.

நாகப்பன்: அட, அந்த பர்மாக்காரம்மா நீதானா? கறுப்புக் கோட்டு போடலியே...

செங்கமலம்: வெயிலுக்குக் கழட்டிக் கிளையில மாட்டியிருக்கேன். போன வாரம் கோட்டோடதான் நின்னேன். ஒருத்தர் டீ கொண்டு வரச் சொன்னார்.

நாகப்பன்: கோர்ட்டுல வக்கீலுங்களுக்கு ரூம் கீதே. நீ இன்னாத்துக்கு புளியமரத்தடியில மேஜை போட்டுகினு...

செங்கமலம்: அங்க எனக்கு நாற்காலி இல்லைன்னுட்டாங்க. பொம்பளை. அதுலயும் ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தவ. சரி, என்ன கேஸு?

நாகப்பன்: எனக்கில்ல. என் தங்கச்சி அம்சவல்லிக்கு. புருஷன் செத்துப் பூட்டான், பாவம். அவளுக்கு ஒரு வக்கீல் வேணும்.

செங்கமலம்: நல்ல அண்ணன். யார் மேல கேஸு?

நாகப்பன்: அது வந்து... என் மேலதான்.

செங்கமலம்: உங்களை எதிர்க்கறதுக்கு நீங்களே ஆள் தேடுறீங்களா?

நாகப்பன்: இன்னா பண்றது? பிள்ளைப்பாக்கம் ரோட்டோரம் எங்கப்பா சம்பாரிச்ச நெலம். அத்த வாங்க கம்பெனி வருதுன்னதும் பாதி வேணும்ன்றா. தானே மனு எழுதிக் குடுத்துட்டா. முன்சீப்பு இன்னாடான்னா, அவளுக்கு வக்கீல் வராம நடத்த மாட்டேன்னு தள்ளிப் போட்டுகினே கீறாரு. கம்பெனிக்காரன் காத்துகினு இருப்பானா?

செங்கமலம்: ஏன், இந்த ஊர்ல வக்கீலுக்கா பஞ்சம்?

நாகப்பன்: அதான்... ஒருத்தர் வுடாம எல்லாருக்கும் நானே வக்காலத்து குடுத்துட்டேன். அவளுக்கு யாரும் போவக் கூடாதுல்ல?

செங்கமலம்: என்னை விட்டுட்டீங்களே.

நாகப்பன்: உன்ன யாரு வக்கீல் கணக்குல... கோச்சுக்காதம்மா. எனக்கு வாதாடுற பெரிய வக்கீலுதான் சொன்னாரு. அந்த பர்மாக்காரம்மாவப் புடி, அது எழுந்து நின்னாலே நாம ஜெயிச்ச மாதிரின்னு.

செங்கமலம்: இத்தனை வருஷத்துல அவர் எனக்கு அனுப்புற முதல் கேஸு.

நாகப்பன்: பாத்தியா, நல்ல மனுசன். பீஸு நான் தரேன். நீ வாயே தொறக்க வேணாம். அண்ணன் அனுப்புனாருன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத.

செங்கமலம்: எரியுதுங்க எனக்கு. ரங்கூன்ல எங்க கடையைப் பிடுங்கினவன்கூட, வக்கீல் வைக்காதேன்னு எங்கப்பாகிட்ட சொல்லலை.

நாகப்பன்: அட, இன்னாம்மா இப்ப? ஒத்துக்கறியா, இல்லியா?

செங்கமலம்: உங்க காசு வேணாம்.

நாகப்பன்: அப்ப... ஓசியிலயே தோத்துக் குடுப்பியா?

செங்கமலம்: உங்க தங்கச்சி காலையிலயே வந்து வக்காலத்துல கையெழுத்து போட்டுட்டாங்க. ‘எங்கண்ணன் யாரை வக்கீலா மதிக்க மாட்டான்’னு டீக்கடையில விசாரிச்சாங்களாம். எல்லாரும் இந்த மரத்தைத்தான் காட்டியிருக்காங்க.