பதினெட்டு இன்ச் போதும்

அண்ணன்: ...ராக் வாசிக்கிறவளுக்குக் கால்ல மிதிக்கிற பேஸ் டிரம் வெறும் பதினெட்டு இன்ச்சா? அதையும் என் கடையிலயே வந்து கேக்குற.

தங்கை: வேற கடைக்குப் போனா கோவிச்சுக்குவ. எடுத்துக் குடு.

அண்ணன்: அது ஜாஸ் செட்டும்மா. டொம்முனு அடக்கமா ஒரு சொல்லு சொல்லிட்டு ஒதுங்கிக்கும். உனக்கு இருபத்திநாலுதான் சரி. அடிச்சா கடைசி வரிசைக்காரனுக்கும் நெஞ்சு அதிரணும்.

தங்கை: அதிர வைக்கிறது டிரம் இல்ல. நான்.

அண்ணன்: வாய் மட்டும் முப்பது இன்ச்.

தங்கை: தோலைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ள ஒரு தலையணையைப் போட்டு, மைக்கை வச்சா யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அண்ணன்: எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னு கிட்டார் வாசிக்கிறவன் நான்தானே. சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், இருபது. பாப்புக்கும் ஆகும், ராக்குக்கும் ஆகும்.

தங்கை: ம்ஹூம். அது மேல மாட்டுற ரெண்டு டாம் டிரம்மும் உசரத்துக்குப் போயிரும்.

அண்ணன்: இத்தனை வருஷமா உசரம் தெரியலையா?

தங்கை: இப்ப... தோள் வலி.

அண்ணன்: போன வாரம் முதுகுன்ன.

தங்கை: முதுகு தோள்லதான ஆரம்பிக்குது.

அண்ணன்: டாமும் சின்னதா கேக்குற. ஸ்டூலை வேற பின்னால தள்ளிப் போட்டுக்குற.

தங்கை: வேவு பாக்குறியா?

அண்ணன்: கீபோர்டுகாரன் கேட்டான், நம்ம பேண்டு ஏறப்போற அந்தப் பெரிய மேடைக்கு மட்டும் வேற ஆளைப் போடலாமான்னு. நீ சீக்கிரம் களைச்சுப் போறியாம்.

தங்கை: அவனை அவன் கட்டையை ஒழுங்காப் பாத்து வாசிக்கச் சொல்லு. அந்த மேடையில நான்தான்.

அண்ணன்: யாரு இல்லேன்னா? ஏன் சின்னது, அதை மட்டும் சொல்லு.

தங்கை: ...சொன்னா வீட்ல உக்காருன்னுவ.

அண்ணன்: சொல்லித்தான் பாரேன்.

தங்கை: அந்த மேடை ஏர்றப்ப எனக்கு ஏழாம் மாசம் அண்ணா. வயிறு முன்னால வந்துரும், தள்ளித்தான் உக்காரணும். டாம் தாழ்வா, கிட்டக்க இருந்தாத்தான் கை எட்டும். என்னை எடுத்துராத.

அண்ணன்: உன் வாயால கேக்கணும்னுதான் இவ்வளவு இழுத்தேன். மாப்பிள்ளை சந்தோஷத்துல போன வாரமே உளறிட்டாரு. பதினெட்டு இன்ச் செட்டு ஒத்திகை ரூம்ல மாட்டியே வச்சாச்சு. உள்ள போடுற தலையணையை முதல்ல என் வயித்துல கட்டிக்கிட்டு நானே உக்காந்து பாத்தேன்... எட்டுது, போ.