மேல் விளிம்பில் நின்ற பெல்ட்

கிரீஸ் கறைக்கு சோப்பு உதவாது. கொஞ்சம் சமையல் எண்ணெயில் சர்க்கரையைக் கலந்து கையைத் தேய்த்தால் போய்விடும். துணியில் பட்டது போகாது. உங்கள் சட்டைக் கையில் பட்டிருக்கிறது, அதனால் சொல்கிறேன். வெள்ளைச் சட்டையோடு போய் இயந்திரத்தைத் தொடும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொல்லி அனுப்பினார்களா, அல்லது அது உங்கள் சொந்த யோசனையா?

உட்காருங்கள், மேடம். என் தம்பி ரோலண்ட் முன்னறையில் பேஸ்பால் பார்க்கிறான். பார்க்கிறான் என்று சொல்வது சரியில்லை. ஒரு கண் போன பிறகு பந்து எங்கே போகிறதென்று பிடிபடவில்லை என்கிறான். சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கேரேஜிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "ரிப்பேர்ல ஏதோ கோளாறு இருந்திருக்கும். வேகம் தானா ஏறிடுச்சு போல." அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரிந்ததால்தான் உங்களுக்குக் காப்பி போட்டேன். ரிப்பேர் செய்தது நான். செர்ரிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும் வரை பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டவள். அதில் கோளாறு இல்லை.

மரத்தைச் சுழலவிட்டுக் கிண்ணம் கடையும் அந்த லேத் இயந்திரம் உயர்நிலைப் பள்ளி மரவேலை வகுப்பை மூடியபோது ஏலத்தில் வந்தது. ஏறக்குறைய என் வயது. முழுக்க வார்ப்பிரும்பு. ரோலண்டும் அவன் நண்பன் எல்டனும் இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, வேகம் மாற்றும் பகுதி துருப்பிடித்துச் சிக்கிக் கிடந்தது. இருப்பதிலேயே குறைந்த வேகம் எதுவோ, அந்த ஒன்றில் மட்டும் ஓடும். சனிக்கிழமைகளில் எங்கள் கேரேஜில் கூடும் மரக்கடைசல் ஆட்களுக்கு அது தீராத வேடிக்கை.

"ரோலண்டோட லேத்துக்கு ஒரே வேகம்தான்பா, அவனை மாதிரியே," என்பான் எல்டன்.

"உன்னோடது பறக்குதே, கிண்ணம் எங்கடா?" என்பான் ரோலண்ட்.

"நீ ஆரம்பிச்ச கிண்ணத்துல உன் பேரன்தான் சூப்பு குடிப்பான். அதுக்கு முதல்ல ஒரு பொண்டாட்டி வேணுமே, எங்க போவே?"

எல்லோரும் சிரிப்பார்கள். ரோலண்டும் சிரிப்பான். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் வராது என்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்தது. அப்போது அதற்கு நிம்மதி என்று நான் பெயர் வைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வீடு கலகலப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

சிக்கிக் கிடந்தவரை அந்த இயந்திரம் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. எத்தனை பெரிய கட்டையை மாட்டினாலும் அரைத்தூக்கத்தில் சுற்றுவது போலச் சுற்றும். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நாடீன் ஏரிக்கு அக்கரையில் இருப்பவள், விதவை. ஏதோ ஒரு கண்காட்சியில் ரோலண்டின் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாளாம். பிறகு அவனையும் எடுத்துப் பார்த்திருக்கிறாள். வசந்தத்தில் ஏரியைக் கடக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் இங்கே சாப்பிட வந்தாள். மாட்டிறைச்சியை உருளைக்கிழங்கோடு அடுப்பில் வேகவைத்திருந்தேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

"ஹெட்டி, நீங்க அடிக்கடி வரணும். உங்களுக்குன்னே ஒரு ரூம் ஒழிச்சு வைக்கப் போறேன்."

எனக்கென்று ஒரு அறை. நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தேன்.

அவள் போன பிறகு ரோலண்ட் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான். "செப்டம்பர்ல கல்யாணம் வச்சுக்கலாம்னு இருக்கோம். அந்தப் பக்கம்தானே ஹெட்டி. காலையில கப்பல் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வந்துடலாம்."

குளிர்காலத்தில் கப்பல் ஓடாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் பாத்திரம் துடைத்தோம்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று கேட்பீர்கள். அப்படி ஒன்றும் கொதிக்கவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் நீர் வற்றிப்போன பாத்திரம் போல ஏதோ ஒன்று இருந்தது. அம்மா போன பிறகு அவனுக்கு எல்லாம் பார்த்தவள் நான். அவன் சட்டையின் கழுத்து அளவு அவனுக்கே தெரியாது. ஒரு மனிதனை இவ்வளவு தெரிந்துவைத்திருப்பது என்னைப் பொறுத்தவரை ஒரு உரிமை. அதை ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிவிட முடியாது.

அந்த வாரமே சொன்னேன். "லேத்தை எடுத்துட்டுத்தானே போவே? வேகத்தைச் சரி பண்ணித் தர்றேன். என் கல்யாணப் பரிசு."

அவன் என்னைக் கட்டிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

உங்களுக்கு அந்த அமைப்பு புரிந்திருக்காது. சொல்கிறேன். இரண்டு சாசர்களை முதுகோடு முதுகு ஒட்டினால் நடுவில் ஒரு பள்ளம் வரும் இல்லையா, அதுதான் புல்லி. மோட்டாரில் ஒன்று, மேலே மரம் சுழலும் தண்டில் ஒன்று. முன்னால் இருக்கும் கைச்சக்கரத்தைத் திருப்பினால் மோட்டாரில் இருக்கும் இரண்டு சாசர்களும் நெருங்கும். பெல்ட் பள்ளத்திலிருந்து மேல் விளிம்புக்கு ஏறும், வேகம் கூடும். மறுபக்கம் திருப்பினால் சாசர்கள் விலகும். பெல்ட் அடிக்கு இறங்கும், வேகம் குறையும். மேலே இருப்பதை ஒரு ஸ்பிரிங் இழுத்துப்பிடித்து ஈடுகொடுக்கும். ரோலண்டின் இயந்திரத்தில் மோட்டார் புல்லியின் ஒரு பாதி, விலகிய நிலையிலேயே தண்டோடு துருவாகி ஒட்டிப்போயிருந்தது.

சுத்தியலால் தட்டியிருந்தால் உடைந்திருக்கும். ஊடுருவும் எண்ணெயை விட்டு விட்டுக் காத்திருந்தேன், லேசாகச் சூடு காட்டினேன், மறுபடி எண்ணெய் விட்டேன். ஒரு நாள் காலை அது என் உள்ளங்கைக்குள் மெல்ல அசைந்து கொடுத்தது. அந்த அசைவை எப்படிச் சொல்வது. எவ்வளவோ காலமாக எதையும் ஒப்புக்கொள்ளாத ஒன்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டது போல இருந்தது. தண்டை எமரி பேப்பரால் தேய்த்தேன், புதிய வெண்கலப் புஷ் வளையம் போட்டேன், புதிய பெல்ட் மாட்டினேன். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போயிற்று. நீங்களும் தள்ளிப் பார்த்தீர்களே. அது தானாக ஏறக்கூடியதாகவா தெரிந்தது?

சனிக்கிழமை எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஹெட்டி, என்னை எப்ப ரிப்பேர் பண்ணப் போறே?" என்றான் எல்டன்.

"உனக்குப் பார்ட்ஸ் கிடைக்காது," என்றேன்.

வேகம் காட்டும் தகடு அந்த இயந்திரத்தில் இல்லை. பள்ளிப் பையன்கள் எப்போதோ பிடுங்கியிருந்தார்கள். பழையது ஒன்று தேடித் தருவதாக எல்டன் சொன்னான். வீண் அலைச்சல் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். இந்த வகை இயந்திரத்தில் ஓடும்போது மட்டும்தான் வேகத்தை மாற்ற முடியும். நின்ற பிறகு கைச்சக்கரத்தைத் திருகினால் உள்ளே வளைந்துவிடும். கடைசியாக எந்த வேகத்தில் நிறுத்தினார்களோ, அடுத்த முறை அதே வேகத்தில்தான் எழும். அதனால் இந்த ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நிறுத்துவதற்கு முன் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத்தான் நிறுத்துவார்கள். மறந்தவனை வருஷக்கணக்கில் கேலி செய்வார்கள். ரோலண்ட் ஒருநாளும் மறந்ததில்லை. நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன், அந்த முனகல் தணிந்து தணிந்து நிற்பதை.

ஜூன் மாதம். சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்கு அவன் போயிருந்தான். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். கேரேஜுக்குப் போனேன். ஒன்றும் மாட்டாமல் மோட்டாரை ஓட்டினேன், கைச்சக்கரத்தை முட்டும் வரை திருப்பினேன், பெல்ட் மேல் விளிம்புக்கு ஏறி நின்றதும் அணைத்தேன். அவ்வளவுதான். பிறகு வந்து பட்டாணி சூப்பைச் சூடு பண்ணினேன்.

மறுநாள் அவன் ஈரமான மேப்பிள் கட்டையை மாட்டினான். ஒருபக்கம் பட்டை, மறுபக்கம் முடிச்சு, பெரிய கட்டை. இப்படி எடை சமமில்லாததை அடிமட்ட வேகத்தில்தான் சுற்றத் தொடங்க வேண்டும். நாடீன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு. மோட்டாரைப் போடும்போது எதிரே நிற்கக் கூடாது என்பதும் அவர்கள் பழக்கம். தள்ளித்தான் நின்றான். ஆனால் அந்தச் சுவிட்சைத் தொட வேண்டுமென்றால் கை குறுக்கே போயாக வேண்டும். கட்டை பிளந்து பறந்து அவன் வலது கையை நசுக்கிவிட்டு முகத்தில் அடித்தது. நான் கையைத்தான் நினைத்திருந்தேன். முகத்தை நினைக்கவில்லை. மரம் எந்தப் பக்கம் பிளக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு வந்ததும் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "வேகத்தை இறக்காம விட்டுட்டேனா, ஹெட்டி? இறக்கின மாதிரி ஞாபகம் இருக்கே."

"எல்லாருக்கும் வர்றதுதான். வயசாகுதில்ல," என்றேன்.

அவ்வளவு சின்ன வாக்கியம். அதற்கப்புறம் நான் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டொரு முறை அடுப்பை எரியவிட்டுவிட்டு அவன் மறந்ததாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சாவியை ஒருதரம் ரொட்டி டப்பாவில் வைத்தேன். ஜாக்கிரதை வர வேண்டும் இல்லையா. நாடீனிடம் கல்யாணம் வேண்டாமென்று சொன்னது அவனேதான். பக்கத்தில் நின்று கேட்டேன். "என் தலை சரியில்ல நாடீன். என்னைக் கட்டிட்டு நீ என்ன பண்ணுவே?" அவள் இன்னும் போன் பண்ணுகிறாள். தூங்குகிறான் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் தூங்கத்தான் செய்கிறான்.

இறைச்சியை நான் வெட்டிக் கொடுக்கிறேன். அவன் மறுப்பதில்லை. முன்னெல்லாம் சாப்பாட்டு மேஜையில் ஏரியின் அக்கரையைப் பார்ப்பது போல ஒரு பார்வை இருந்தது அவனுக்கு. இப்போது என் முகத்தைப் பார்க்கிறான், தான் சொன்னது சரியா என்று. இத்தனை நிம்மதியாக அவன் இருந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே கோளாறு என்று எழுதாதீர்கள். இயந்திரம் சரியாக வேலை செய்தது. வேகத்தை ஏற்றி வைத்தது நான். அவனுக்காகச் செய்தேன்.

டிவி சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது, நீங்கள் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டாம், அறை வாசலில்தான் நிற்கிறான். பதறாதீர்கள். நாளைக்கு வந்து கேட்பான், "ஹெட்டி, நேத்து என் காதுல ஏதோ விழுந்துச்சே, நிஜமா?" என்று. இல்லை என்பேன். நம்பிவிடுவான். தன் காதுகளை அவன் இப்போது நம்புவதில்லை.

ரோலண்ட், கோட்டை எதற்கு எடுக்கிறாய்?

என்னிடம் கேட்கவில்லை பாருங்கள். உங்களிடம் கேட்கிறான். "மேடம், உங்க கார்ல கப்பல்துறை வரைக்கும் என்னை இறக்கிவிட முடியுமா? இந்த வாரத்தோட கப்பல் நின்னுடும்."

இடது கையால் பொத்தான் போட அவனுக்கு வராது. தினமும் நான்தான் போட்டுவிடுகிறேன். நீங்கள் எழுந்திருக்காதீர்கள், மேடம். தயவுசெய்து அவனுக்கு நீங்கள் போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். என்னைக் கூப்பிடுவான்.