ஒரு நாளும் விடாத மாத்திரை

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து. நாலு நாளாக விடாத மழை. முதலில் துணி கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு லொறியிலிருந்து கல்லைக் கொட்டுகிற சத்தம். மேல் லயத்து வரிசை வீடுகள் மண்ணோடு அப்படியே இறங்கி வருகின்றன.

“லயத்துக்குத் திரும்பாதீங்க! ஸ்கூலுக்கு ஓடுங்க!” கங்காணி கத்துகிறார்.

எனக்கு முன்னால் ராமையா மாமா ஓடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலில் செருப்பில்லை. கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் சீனி வருத்த மாத்திரை, நீரிழிவுக்கு. அந்த ஓட்டத்திலும் அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நான் மஸ்கெலியா பஜாரில் மருந்துக்கடை பார்மசிஸ்ட். பதினாலு வருடம். எங்கள் தோட்டத்து ஆட்கள் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். மயங்கி விழுந்தபிறகு வருவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். “சாப்பிட்டுப் போடுங்க. ஒரு நாளும் விடாதீங்க.” இதை வரிசையில் நிற்பவர்களே எனக்கு முன்பாகச் சொல்லிச் சிரிப்பார்கள்.

புதன்கிழமை. ஸ்கூல் மண்டபம். பாதை இரண்டு இடத்தில் அறுந்து கிடக்கிறது. அம்புலன்ஸ் வராது. அரிசி ஆற்றுக்கு அந்தப் பக்கம். முதல் நாள் சாயங்காலம் ஆளுக்கு நாலு பிஸ்கட். அதன்பிறகு பாலில்லாத வெறும் சாயத்தண்ணி.

ஒன்பது இருபது. மாரியாயி அக்கா உளறுகிறாள். கொழுந்தெடுக்கும் கை, வெடவெடவென்று நடுங்குகிறது. அந்தக் குளிரிலும் வேர்வை. பயந்த கோளாறு என்று நெற்றியில் திருநீறு பூசுகிறார்கள். நான் கூட்டத்தை விலக்கினேன். அவளுக்கும் சீனி வருத்தம்.

சாயத்தண்ணி குடிக்கும்போது உள்ளங்கையில் சீனி வைத்து நக்குவது எங்கள் வழக்கம். சுற்றியிருந்தவர்களின் கையில் மிச்சமிருந்த சீனியையெல்லாம் வழித்து அவள் வாயில் போட்டேன். “முழுங்குங்க அக்கா. முழுங்குங்க.” பத்து நிமிடம் என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக இருந்ததில்லை. பிறகு என் பெயரைச் சொன்னாள்.

“காலையில என்ன போட்டீங்க?”

“சீனி மாத்திரைதான். நேத்து ஓட்டத்துல விட்டுப்போச்சுல்ல, அதையும் சேத்து ரெண்டாப் போட்டேன்.”

வெறும் வயிறு. இரண்டு மாத்திரை. இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கியிருக்கிறது.

“சீனி வருத்தக்காரங்க யாரெல்லாம் இருக்கீங்க? மாத்திரை போடாதீங்க! சாப்பாடு வர்ற வரைக்கும் போடாதீங்க!”

மூன்று பேர் கை தூக்கினார்கள். மூன்று பேருக்கும் சீனி கொடுத்தேன். நாலாவது ராமையா மாமா. மேடையோரம் சாக்கில் படுத்திருக்கிறார். எட்டு மணிக்கே அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். “ராத்திரி பூரா கண்ண மூடல. இப்பத்தான் தூங்குறாரு, எழுப்பாத புள்ள” என்று அவர் மனைவி, அத்தை, சொன்னார். நானும் எழுப்பவில்லை. ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இப்போது தோளைப் பிடித்து உலுக்குகிறேன். சட்டை நனைந்திருக்கிறது. மழையில் அல்ல, வேர்வையில். உடம்பு சில்லென்று இருக்கிறது. நாடி இல்லை. நெஞ்சை அமுக்கினேன். கை ஓயும்வரை அமுக்கினேன். பத்து ஐந்துக்குக் கங்காணி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அத்தை அழவில்லை. அந்தப் பொலித்தீன் பையை என் மடியில் வைத்தார்.

“நீ சொன்ன மாதிரியேதான் புள்ள. இன்னைக்கு வெள்ளனயும் போட்டாரு. ஒரு நாளும் விடல.”

சாப்பாடு இல்லாத நாளில் என்ன செய்வது, விட்டுப்போன மாத்திரையை என்ன செய்வது என்று பதினாலு வருடத்தில் நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது கடையில் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். திருப்பிச் சொல்ல வைத்துத்தான் மருந்துப் பையைக் கொடுக்கிறேன். வரிசையில் யாரும் சிரிப்பதில்லை.

போனவை: லயம் ஒன்று. வீடுகள் பன்னிரண்டு. கோயில் மணி. பசு இரண்டு. மண்ணுக்குள் ஆறு பேர், அதில் ஒரு கைக்குழந்தை. மண்டபத்துக்குள், மண் படாமல், ராமையா மாமா. அவர் பையில் மாத்திரை பத்தொன்பது மிச்சம்.